கியூ: ஓரெழுத்தில் அடங்கிய வரலாறு

வானொலிப் பெட்டியின் குமிழைத் திருப்புகின்ற கை, தான் செய்வது எத்துணைப் பெரிய தெரிவு என்பதைச் சிந்திப்பதில்லை. அந்த வேளையில் வான்கம்பியை வந்து தொடும் அலைகள் ஒன்றல்ல, இரண்டல்ல. அருகிலுள்ள நிலையத்தின் செய்தி, கடல் கடந்த நாட்டின் இசை, கப்பலொன்றின் அழைப்பு, எங்கோ வெட்டிய மின்னலின் இரைச்சல் யாவும் ஒரே கம்பியில் ஒரே கணத்தில் வந்து மோதுகின்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் உள்ளே அழைத்து, ஏனையவற்றை வாயிலிலே நிறுத்திவிடுவது, பெட்டியினுள் இருக்கும் ஒரு கம்பிச் சுருளும் அதனோடு இணைந்த ஓர் ஒடுக்கியுமேயாகும். இவ்விரண்டும் சேர்ந்த அமைப்பைப் பரிவுச் சுற்று என்பர். அச்சுற்று தன் காவற்றொழிலை எவ்வளவு திறம்படச் செய்யும் என்பதைச் சொல்லும் எண் ஒன்றுண்டு. அதற்கு அறிஞர் வழங்கிய குறி 'கியூ' என்னும் ஆங்கில எழுத்து. தமிழில் அதனைத் தரக் காரணி எனலாம். அந்த ஓரெழுத்து பிறப்பதற்கு எண்பதாண்டு ஆராய்ச்சி வேண்டியிருந்தது.

கியூ என்பதன் கருத்தை விளங்கிக்கொள்ள மின்சாரம் வேண்டுவதில்லை. கோயில் மணியை ஒருமுறை அடித்தால் அதன் நாதம் நெடுநேரம் நின்று மெல்ல மெல்லத் தேய்கிறது. மண்குடத்தைத் தட்டினால் 'டொக்' என்ற ஓசையோடு யாவும் முடிந்துவிடுகிறது. இரண்டும் தட்டிய கையிலிருந்து சத்தியைப் பெற்றவையே. மணி தான் பெற்றதைச் சிறுகச் சிறுகச் செலவிடுகிறது. குடம் பெற்ற உடனேயே இழந்துவிடுகிறது. இன்னொரு வேறுபாடும் உண்டு. மணியின் ஓசைக்குத் திட்டமான சுருதி உண்டு. குடத்தின் ஓசையில் அந்தச் சுருதியைத் தேடிப் பிடித்தல் அரிது. மெதுவாக இழப்பது எதுவோ, அதுவே தன் சுருதியில் உறுதியாக நிற்கிறது. மின்சுற்றின் கதையும் இதுதான். இழப்புக் குறைந்த சுற்று தன் அலைநீளத்தை மட்டும் அறியும். இழப்பு மிகுந்த சுற்று எல்லாவற்றுக்கும் சிறிது சிறிதாகத் தலையசைக்கும்.

இந்த உண்மை முதன்முதலில் புலப்பட்டது இலெய்டன் சாடி என்ற பழைய ஒடுக்கியிலேயாம். உள்ளும் புறமும் உலோகத் தகடு ஒட்டிய கண்ணாடிச் சாடி அது. அதில் மின்னைச் சேர்த்து, இரு தகடுகளையும் கம்பியால் தொடுத்தால் பளீரென ஒரு பொறி பாயும். மின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குப் பாய்ந்து ஓய்ந்தது என்றே பலர் எண்ணியிருந்தனர். 1842ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஜோசப் ஹென்றி, அப்பொறியின் மின்னோட்டத்தால் ஊசிகளைக் காந்தமாக்கிப் பார்த்தார். சில ஊசிகள் எதிர்பார்த்த திசையிலும், சில அதற்கு நேர்மாறான திசையிலும் காந்தம் பெற்றன. மின் ஒருமுறை பாய்ந்து நின்றுவிடவில்லை, ஊஞ்சலைப் போல முன்னும் பின்னும் பலமுறை ஆடியே ஓய்ந்தது என்று அவர் முடிவு கூறினார்.

1853இல் வில்லியம் தொம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்றவர், இந்த ஆட்டத்தைக் கணிதத்தில் எழுதிக் காட்டினார். சாடியின் கொள்ளளவும் கம்பியின் தூண்டலும் ஆட்டத்தின் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. கம்பியின் தடை அந்த ஆட்டம் எவ்வளவு விரைவில் ஓயும் என்பதைத் தீர்மானிக்கிறது. தடை ஓர் எல்லையைக் கடந்துவிட்டால் ஆட்டமே நிகழாது. சேற்றில் இட்ட ஊசலைப் போல மின் மெல்ல வடிந்துவிடும். 1850களின் பிற்பகுதியில் ஜேர்மனிய அறிஞர் பெடர்சன், சுழலும் கண்ணாடியொன்றின் உதவியால் பொறியின் ஒளியை விரித்துப் படம் பிடித்தார். ஒரு பொறி என்று கண்ணுக்குத் தோன்றியது, ஒன்றன்பின் ஒன்றாக மங்கிச் செல்லும் பல பொறிகளின் வரிசை என்பது படத்தில் தெரிந்தது. கணிதம் சொன்னதைக் கண் கண்டது.

ஆட்டம் ஓய்வது வெறும் குறையன்று, அளந்து பயன்கொள்ள வேண்டிய பண்பு என்பது அதன்பின் முப்பதாண்டுகள் கழித்தே தெளிவாயிற்று. 1887, 1888ஆம் ஆண்டுகளில் ஹைன்றிக் ஹேர்ட்ஸ் கால்ஸ்ரூ நகரில் மின்காந்த அலைகளை உண்டாக்கி, சிறு இடைவெளி விட்ட ஒரு கம்பி வளையத்தால் அவற்றைப் பிடித்தார். 1890இல் ஜெனீவாவில் சரசன், டெ லா றீவ் என்னும் இருவர் அச்சோதனையை மீண்டும் செய்தபோது ஒரு புதிர் தோன்றியது. செலுத்தி ஒன்றுதான், ஆயினும் பெரிய வளையத்தை வைத்தால் ஓர் அலைநீளம் கிடைத்தது, சிறிய வளையத்தை வைத்தால் வேறோர் அலைநீளம் கிடைத்தது. ஒரே செலுத்தி எண்ணற்ற அலைகளை வீசுகிறதா என்ற ஐயம் எழுந்தது.

இப்புதிரை விடுவித்தவர்களுள் ஒருவர், ஹேர்ட்ஸிடம் பொன் நகரில் பணிபுரிந்த நோர்வே இளைஞர் வில்ஹெல்ம் பியேர்க்னஸ். செலுத்தியின் அலைவு சில ஆட்டங்களுக்குள்ளேயே ஓய்ந்துவிடுகிறது; வளையத்தின் அலைவோ நெடுநேரம் நீடிக்கிறது. ஆகவே செலுத்தி ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓய்ந்தபின், ஒவ்வொரு வளையமும் தன் சொந்தச் சுருதியிலேயே ஒலித்துக்கொண்டிருக்கிறது. மண்குடத்தின் ஓசையைக் கேட்ட பல மணிகள் ஒவ்வொன்றும் தன்தன் நாதத்தை எழுப்பியது போன்றதே இது. ஓய்தலின் வேகத்தை அளந்து எண்ணாகத் தந்த முன்னோடிகளுள் பியேர்க்னஸ் ஒருவர். பின்னாளில் அவரே வானிலை முன்னறிவிப்புக் கலைக்கு விஞ்ஞான அடித்தளம் இட்டார் என்பது பலரும் அறிந்த செய்தி.

இங்கிலாந்தில் ஒலிவர் லொட்ஜ் 1889இல் செய்து காட்டிய சோதனை இதன் மறுபுறத்தைக் காட்டியது. ஒரே அளவான இரு சாடிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பி வளையம். இடையே தொடர்பு ஏதுமில்லை. ஒரு சாடியில் பொறி பாயச் செய்து, மற்றதன் வளையத்தின் நீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே வந்தார். இரண்டின் சுருதியும் ஒத்த அந்த இடத்தில் இரண்டாவது சாடி தானே நிரம்பி வழிந்து பொறி விட்டது. வளையத்தைச் சற்று நகர்த்தியதும் பொறி நின்றது. சாடிச் சுற்றில் இழப்புக் குறைவு. ஆதலால் அதன் சுருதி கூர்மையாக இருந்தது. இந்தத் தத்துவத்தைக் கம்பியில்லாத் தந்திக்குப் பயன்படுத்தும் முறைக்கு 1897இல் லொட்ஜ் ஆக்கவுரிமை கோரினார்.

ஆனால் இங்கே ஓர் இக்கட்டு எதிர்ப்பட்டது. உயரத் தூக்கிய வான்கம்பி அலைகளை நன்கு வீசும். வீசுவதாலேயே தன் சத்தியை விரைவில் இழந்துவிடும். மூடிய சாடிச் சுற்று சத்தியைக் காத்து வைக்கும். காத்து வைப்பதாலேயே வெளியே அதிகம் வீசாது. நன்றாகக் கொடுப்பதற்குக் காக்கத் தெரியவில்லை. நன்றாகக் காப்பதற்குக் கொடுக்கத் தெரியவில்லை. ஜேர்மனியில் பேர்டினன்ட் பிரௌன், காக்கும் சுற்றையும் கொடுக்கும் கம்பியையும் தனித்தனியே அமைத்து, இரண்டையும் சுருள்களால் இணைத்து இவ்விக்கட்டைத் தீர்க்க வழிகண்டார். மார்க்கோனி 1900இல் பெற்ற புகழ்மிக்க 7777ஆம் இலக்க ஆக்கவுரிமையும், செலுத்தியிலும் வாங்கியிலும் இவ்வாறு இணைந்த சுற்றுகளை ஒரே சுருதிக்கு மீட்டும் முறையைப் பற்றியதே. மார்க்கோனியும் பிரௌனும் 1909இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இந்த முறையின் முதன்மை யாருக்குரியது என்ற வழக்கு நெடுங்காலம் நீடித்தது. 1943இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் லொட்ஜ் முதலியோரின் முந்திய பணியைச் சுட்டி, மார்க்கோனியின் அமெரிக்க ஆக்கவுரிமையின் முக்கியமான கோரிக்கைகளைச் செல்லாதவை எனத் தீர்த்தது.

சுருதிக் கூர்மை ஆய்வுகூடத்தின் அழகு மட்டுமன்று, அது இல்லாவிடில் தொழிலே நடவாது என்பதைக் கடல் உணர்த்தியது. 1901இல் நியூயோர்க்கின் அருகே அமெரிக்கக் கிண்ணப் பாய்க்கப்பல் பந்தயம் நடைபெற்றபோது, செய்தியை முந்தித் தருவதற்காகப் போட்டி நிறுவனங்கள் தத்தம் பொறிச் செலுத்திகளை ஒரே வேளையில் இயக்கின. எல்லாப் பொறிகளும் ஒன்றுகலந்து ஒருவர் செய்தியும் ஒழுங்காகக் கேட்காமற் போயிற்று. 1903இல் இலண்டன் ரோயல் நிறுவனத்தில் பேராசிரியர் பிளெமிங் மார்க்கோனியின் முறையை விளக்கிப் பேசியபோது, நெவில் மஸ்கலைன் என்ற செப்படி வித்தைக்காரர், அருகிலிருந்து தன் சொந்தச் செலுத்தியால் கேலி வார்த்தைகளை அனுப்பி, மண்டபத்திலிருந்த கருவியையே பேச வைத்தார். சுருதி சேர்த்த செய்தியில் அந்நியர் புகமுடியாது என்ற பெருமிதம் அன்று அடிபட்டது. பிளெமிங் கோபம் கொண்டு பத்திரிகைக்கு எழுதினார். ஆனால் கோபத்தால் சுற்றின் இழப்புக் குறைவதில்லை.

1912ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரவு, அத்திலாந்திக் கடலில் கலிபோர்ணியன் என்ற கப்பலின் தந்தியாளர், தம் கப்பல் பனிக்கட்டிகளிடையே நிற்பதை அருகில் சென்ற டைட்டானிக்குக்கு அறிவிக்க முனைந்தார். டைட்டானிக்கின் தந்தியாளரோ அப்போது தொலைவிலிருந்த கேப் றேஸ் நிலையத்தின் மெல்லிய குரலோடு பணியில் ஈடுபட்டிருந்தார். அருகிலிருந்து வந்த பொறியின் பேரோசை அவர் காதில் அறைந்தது. குறுக்கிட வேண்டாம் என்று அவர் கடிந்துரைத்தார். சிறிது நேரத்தில் கலிபோர்ணியனின் தந்தியாளர் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். அதன்பின் டைட்டானிக் பனிமலையில் மோதியது. அத்துயருக்குக் காரணங்கள் பல. இரவு முழுவதும் காது கொடுத்திருக்கும் ஒழுங்கு இல்லாமை அவற்றுள் முதன்மையானது. எனினும், அருகிலிருப்பவன் பேசினால் தொலைவிலிருப்பவன் குரல் அழிந்துவிடும் என்ற பொறித் தந்தியின் குறையும் அந்த இரவின் கதையில் ஓர் இடம் பெற்றுவிட்டது.

அதே ஆண்டு ஓகஸ்ட் 13ஆம் நாள் அமெரிக்கா நிறைவேற்றிய வானொலிச் சட்டத்தில் வியப்பான ஒரு விதி காணப்படுகிறது. செலுத்தியின் அலைவு எவ்வளவு விரைவில் ஓயலாம் என்பதற்கு அச்சட்டம் எண்ணால் எல்லை வகுத்தது. மடக்கைத் தேய்வு என்று கணிதர் கூறும் அளவு, ஓர் அலைவுக்குப் பத்தில் இரண்டு பங்கைத் தாண்டலாகாது என்பது அதன் ஆணை. வழக்கு மொழியிற் சொன்னால், ஒவ்வோர் ஆட்டமும் முந்திய ஆட்டத்தின் அளவில் ஏறக்குறைய நூற்றுக்கு 82 பங்கேனும் இருத்தல் வேண்டும். அவ்வாறாயின் ஆட்டம் தொடக்கத்தின் நூறிலொரு பங்காகத் தேய ஏறத்தாழ 23 ஆட்டங்கள் செல்லும். பின்னாளில் வந்த குறியால் எழுதினால் இதன் கியூ ஏறக்குறைய 16 ஆகும். பௌதிகவியலின் ஓர் அளவு நாட்டின் சட்டமாயிற்று. பரிசோதகர்கள் தேய்வுமானி என்ற கருவியைக் கொண்டு நிலையங்களை அளந்தனர்.

அச்சட்டத்திலேயே ஒரு விலக்கும் இருந்தது. ஆபத்தில் சிக்கிய கப்பல் இவ்விதிக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. தன் அழைப்பு இயன்றவரை பலருக்கும் இடையூறு செய்யும்படி அது செலுத்தியை அமைத்துக்கொள்ளலாம். வீதியிற் செல்லும் அனைவரும் திரும்பிப் பார்க்கும்படி கூக்குரலிடுபவனுக்குச் சுருதி வேண்டுவதில்லை அல்லவா? கூர்மை எப்போதும் நன்மையன்று என்பதைச் சட்டம் இயற்றியோர் அன்றே உணர்ந்திருந்தனர்.

பொறிச் செலுத்தியின் காலம் நெடிது நிலைக்கவில்லை. மின்வில், உயர்வேக மின்பிறப்பாக்கி, வெற்றிட வால்வு ஆகியவை ஓயாத தொடரலையை உண்டாக்கின. ஓயாத அலைக்கு ஓய்தலின் அளவு எதற்கு? செலுத்தியைப் பற்றிய அந்த அளவு பழங்கதையாயிற்று. ஆனால் வாங்கியின் சுற்றிலும், தொலைபேசிக் கம்பியிலும் இழப்பின் கேள்வி முன்னிலும் கூர்மையாக எழுந்தது.

தொலைபேசியில் அக்கேள்வி எழுந்த விதம் இது. ஒரே கம்பிச் சோடியில் பல உரையாடல்களை வெவ்வேறு மீடிறன்களில் ஏற்றி அனுப்பலாம் என்பதை அமெரிக்கத் தொலைபேசிப் பொறியியலாளர் கண்டிருந்தனர். மீடிறன் என்பது ஒரு செக்கனுக்கு நிகழும் அலைவுகளின் எண்ணிக்கை. 1918இல் பல்டிமோருக்கும் பிற்ஸ்பேர்க்குக்கும் இடையே அத்தகைய சேவை தொடங்கியது. மறுமுனையில் உரையாடல்களைப் பிரித்தெடுக்க ஜோர்ஜ் காம்பல் கண்டுபிடித்த அலைவடி பயன்பட்டது. சுருள்களும் ஒடுக்கிகளும் கோத்த சங்கிலி அது. ஒடுக்கிகளில் இழப்பு மிகச் சிறிது. குறையெல்லாம் சுருளிடமே இருந்தது. சுருளின் இழப்பு மிகுந்தால் வடியின் ஓரங்கள் மழுங்கி, ஒருவர் பேச்சு மற்றவர் காதில் கசியும். ஆகவே ஒரு சுருள் நல்லதா தீயதா என்பதை ஒரே எண்ணால் சொல்ல வேண்டிய தேவை உண்டாயிற்று.

வெஸ்டேண் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியியற் பகுதியில் பணியாற்றிய கே. எஸ். ஜோன்சன் அந்த எண்ணைத் தந்தார். மாறும் மின்னோட்டத்தைச் சுருள் எதிர்க்கும் ஆற்றல் ஒன்று. அது சத்தியைச் சேமித்துத் திருப்பித் தருவது. கம்பியின் தடை மற்றொன்று. அது சத்தியை வெப்பமாக்கி வீணாக்குவது. முன்னதைப் பின்னதால் வகுத்தால் வருவதே சுருளின் தகுதி. 1914இல் ஜோன்சன் இதற்கு 'கே' என்ற எழுத்தை இட்டார். 1920இல் அலைவடிகளைப் பற்றி ஆராய்ந்தபோது அதை மாற்றிக் 'கியூ' என எழுதினார். ஆங்கிலத்தில் தரம் என்னும் சொல் அவ்வெழுத்தில் தொடங்குவதால் அவர் அதைத் தெரிந்தார் என்று பலரும் நம்புவர். உண்மை அதுவன்று. 1955இல் எஸ்டில் கிறீன் என்ற பொறியியலாளர் இவ்வெழுத்தின் வரலாற்றை எழுதியபோது ஜோன்சனின் விளக்கத்தைப் பதிவு செய்தார். ஏனைய எழுத்துகள் யாவும் வேறு வேறு அளவுகளுக்குக் குறியாகிவிட்டன. எஞ்சியிருந்தது கியூ ஒன்றே. அதற்கு வேறு பொருள் எதுவும் இல்லை. தரக் காரணி என்ற பெயர், குறி வழக்கில் வந்தபின் அதற்குப் பொருத்தமாகச் சூட்டப்பட்டது.

பொருளின்றிப் பிறந்த அவ்வெழுத்து விரைவில் மூன்று பொருள்களைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. ஓர் உதாரணம் போதும். செக்கனுக்குப் பத்து இலட்சம் அலைவு, அதாவது 1000 கிலோசைக்கிள் மீடிறனுக்குச் சுருதி சேர்த்த ஒரு சுற்றின் கியூ 100 என்க. முதலாவது பொருள் நீடிப்பு. அச்சுற்றைத் தட்டிவிட்டால், 100 அலைவுகள் கழிந்தபின் அதன் ஆட்டம் நூற்றுக்கு நான்கு பங்களவாகத் தேய்ந்திருக்கும். இரண்டாவது பொருள் பெருக்கம். அதன் சுருதியில் ஒரு மில்லிவோல்ற்று அழுத்தம் தொடராக உட்புகுந்தால், ஒடுக்கியின் இரு முனைகளுக்கிடையே 100 மில்லிவோல்ற்று தோன்றும். வால்வும் மின்கலமும் இல்லாமலே நூறு மடங்கு கிடைக்கிறது. மூன்றாவது பொருள் தெரிவு. அச்சுற்று தாராளமாக ஏற்கும் பட்டையின் அகலம் 1000ஐ 100ஆல் வகுத்தது, அதாவது 10 கிலோசைக்கிள். அப்பட்டையின் இரு ஓரங்களிலும் வலு பாதியாகக் குறைந்துவிடும். நீடிப்பு, பெருக்கம், தெரிவு என்னும் மூன்றும் வேறு வேறு வரங்கள் அல்ல. இழப்புக் குறைவு என்னும் ஒரே பண்பின் மூன்று முகங்கள்.

1920களில் ஒலிபரப்பு நிலையங்கள் பெருகியபோது இந்த எண் இல்லந்தோறும் புகுந்தது. அமெரிக்காவில் 1923 முதல் நிலையங்களுக்கிடையே 10 கிலோசைக்கிள் இடைவெளி விடப்பட்டது. அயல் நிலையத்தை விலக்கக் கூர்மையான சுற்று வேண்டும். ஆகவே சுருள் சுற்றுவது ஒரு கலையாகவே வளர்ந்தது. மீடிறன் ஏற ஏற மின்னோட்டம் கம்பியின் தோலை மட்டும் பற்றிச் செல்வதால் தடை மிகும். அதைக் குறைக்கத் தனித்தனியே காப்பிட்ட மெல்லிழைகள் பலவற்றைத் திரித்த கம்பி பயன்பட்டது. சுருளைத் தாங்கும் குழல் ஈரத்தை உறிஞ்சினாலும் இழப்பு ஏறும். ஆதலால் மெழுகு பூசினர். 1930களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பூன்டன் வானொலி நிறுவனம் கியூவை நேரடியாகக் காட்டும் கருவியை விற்கத் தொடங்கியது. அறிந்த சிற்றழுத்தம் ஒன்றைச் சுற்றினுள் புகுத்தி, ஒடுக்கியில் அது எத்தனை மடங்காகப் பெருகுகிறது என்று பார்ப்பதே அதன் தத்துவம். லொட்ஜின் சாடி வழிந்ததும் இதே பெருக்கத்தாலேதான்.

இழப்பை ஈடுசெய்ய வேறொரு வழியையும் எட்வின் ஆம்ஸ்ட்ரோங் கண்டிருந்தார். வால்வு பெருக்கித் தந்த சத்தியில் ஒரு பகுதியைச் சுற்றுக்கே திருப்பி ஊட்டினால், தடை தின்றது நிரம்பிவிடும். சுற்றின் கியூ பன்மடங்கு உயர்ந்தது போலாகும். 1914இல் இதற்கு ஆக்கவுரிமை கிடைத்தது. எளிய ஒரு வால்வுப் பெட்டி கடல் கடந்த குரலைக் கேட்டது இதனாலேயே. ஆனால் குமிழைச் சற்று மிகுதியாகத் திருப்பிவிட்டால், ஊட்டம் இழப்பை மிஞ்சிப் பெட்டி தானே அலைவு எழுப்பும் செலுத்தியாகிவிடும். அது ஊளையிடுவதோடு அயல்வீட்டுப் பெட்டியையும் ஊளையிட வைக்கும். தனக்குக் கூர்மை தேடியவன் பிறர்க்குத் தொல்லையாவான்.

அதனினும் ஆழ்ந்த ஓர் எல்லையும் இருந்தது. மேற்சொன்ன 1000 கிலோசைக்கிள் சுற்றின் கியூவை 500ஆக உயர்த்தினால் பட்டை 2 கிலோசைக்கிளாகச் சுருங்கும். அயல் நிலையம் முற்றாக ஒழிந்துவிடும். ஆனால் கேட்க விரும்பிய பாடலின் உச்சத் தொனிகளும் கூடவே ஒழிந்துவிடும். பேச்சிலே சகரமும் தகரமும் மங்கும். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலத் தோன்றும். நெடுநேரம் ஒலிக்கும் சுற்று பழைய ஒலியை விடாமல் பற்றிக்கொண்டிருப்பதால், புதிய ஒலியின் விரைந்த மாற்றத்தைப் பின்தொடர அதனால் இயல்வதில்லை. இந்த வழக்கில் இரு பக்கமும் வெல்ல முடியாது. 1918இல் அதே ஆம்ஸ்ட்ரோங் வகுத்த வேறு முறையில், வந்த அலை எதுவாயினும் அது நிலையான ஓர் இடை மீடிறனுக்கு மாற்றப்படுகிறது. அங்கே மிதமான கியூ உடைய பல சுற்றுகள் ஒன்றையொன்று துணைகொண்டு நிற்கின்றன. அவை சேர்ந்து தட்டையான உச்சியும் செங்குத்தான ஓரங்களும் உடைய வாயிலை அமைக்கின்றன. தனியொரு சுற்றின் கடுங்கூர்மையால் ஆகாதது பல சுற்றுகளின் கூட்டுறவால் ஆயிற்று.

மாற்றத்தைப் பின்தொடர வேண்டாத இடத்திலே உயர்ந்த கியூ அரசு செலுத்துகிறது. அத்தகைய இடம் காலத்தை அளப்பது. குவார்ட்ஸ் பளிங்கை அழுத்தினால் மின் தோன்றும் என்பதைக் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டிருந்தனர். 1920களின் தொடக்கத்தில் வோல்டர் கேடி அப்பளிங்கின் அதிர்வைக் கொண்டு மின்னலைவைக் கட்டிவைத்தார். கம்பிச் சுருளின் கியூ நூற்றுக்கணக்கில் நிற்க, பளிங்கின் கியூ பல்லாயிரம் முதல் இலட்சங்கள் வரை செல்லும். 1927இல் பெல் ஆய்வுகூடத்தில் மரிசன் இதனைக் கொண்டு கடிகாரம் அமைத்தார். கையில் கட்டும் குவார்ட்ஸ் கடிகாரத்தில் செக்கனுக்கு 32,768 முறை அதிரும் பளிங்கு, ஜோன்சனின் எழுத்து குறிக்கும் அதே குணத்தாலேயே நேரம் தவறாமல் நிற்கிறது.

இருபத்தோராம் நூற்றாண்டிலும் இவ்வெழுத்துக்கு ஓய்வில்லை. 2007இல் மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்து ஆய்வாளர், கியூ ஏறக்குறைய 950 உடைய இரு செப்புச் சுருள்களை 2 மீற்றர் இடைவெளியில் நிறுத்தி, ஒன்றிலிருந்து மற்றதற்குக் கம்பியின்றி வலுவை அனுப்பி 60 உவாற்று மின்விளக்கை எரித்துக் காட்டினர். அனுப்பியதில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு மறுபுறம் சேர்ந்தது. லொட்ஜின் சாடிகள் செய்ததையே இச்சுருள்களும் செய்தன. துணிக்கைகளை வேகம் பெறச் செய்யும் பெரும் பொறிகளில், மிகுகுளிரில் தடை நீங்கிய உலோகக் குழிகளின் கியூ ஆயிரங் கோடியளவை எட்டுகிறது. மறுபுறத்தில், மோட்டார் வாகனத்தின் அதிர்ச்சி தாங்கியையும் ஒலிபெருக்கியின் கூம்பையும் அமைப்போர் கியூவை வேண்டுமென்றே தாழ்த்துகின்றனர். ஒரு பள்ளத்தில் விழுந்த வண்டி ஊர் போய்ச் சேரும்வரை ஆடிக்கொண்டிருப்பதை எவரும் விரும்பார்.

ஆகவே கியூ உயர்ந்தது நல்லது, தாழ்ந்தது தீயது என்று கொள்ளுதல் பொருந்தாது. தரம் என்ற பெயர் இங்கே சிறிது ஏமாற்றும். ஒரு சுற்று தான் பெற்றதில் எவ்வளவை இழக்கிறது, எவ்வளவு காலம் அதனைத் தாங்கி நிற்கிறது என்பதை மட்டுமே அவ்வெண் சொல்கிறது. எவ்வளவு தாங்குதல் வேண்டும் என்பதை வேலையே தீர்மானிக்கும். கடிகாரத்துக்கு உறுதி வேண்டும். ஆபத்துக் குரலுக்கு அகலம் வேண்டும். பாட்டுக் கேட்கும் பெட்டிக்கோ இரண்டுக்கும் இடைப்பட்ட அளவு வேண்டும். கடலில் ஒருவர் குரலை மற்றவர் அழித்துக்கொண்டிருந்த காலத்திலிருந்து, ஆயிரம் குரல்கள் ஒரே வானத்தில் ஒன்றையொன்று கெடுக்காமல் வாழும் காலத்திற்கு மக்கள் வந்து சேர்ந்தது, இந்த அளவை அறிந்து, இடத்துக்கேற்ப வகுத்துக்கொண்டமையாலேயாம்.